ஐந்து பிட்சர்களும் ஒரு கோப்பையும்

ஜான் லாம். மைக் மாண்ட்கோமெரி. டேனி டஃபி. ஜேக் ஓடோரிஸி. கிரிஸ் ட்வையர்.

அமெரிக்க பேஸ்பாலை ராத்திரி கண் விழித்துத் தொடர்கிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த ஐந்து பெயர்களும் ஒன்றும் சொல்லாது. ஆனால் 2011 சீசன் தொடங்குவதற்கு முன்னால், மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் ராயல்ஸ் டீமின் ரசிகர்களுக்கு இவை மந்திரம் மாதிரி. ஐந்து பேருமே பிட்சர்கள். ஐந்து பேருக்கும் வயது 20 முதல் 22-க்குள். காலேஜ் படிக்கிற வயசு. ஐந்து பேருமே அப்போது மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை.

'பேஸ்பால் அமெரிக்கா' என்ற பத்திரிகை வருடா வருடம் நூறு பேர் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிடும். இன்னும் மேஜர் லீக்குக்கு வராத, ஆனால் வந்தால் பெரிய ஆளாக வருவான் என்று நம்பப்படும் இளைஞர்களின் பட்டியல். இவர்களை 'ப்ராஸ்பெக்ட்' என்பார்கள். மொத்தம் 30 டீம்கள். நூறு இடங்கள். ஆக ஒரு டீமுக்கு மூன்று பேர் இருந்தால் சராசரி. 2011 பட்டியலில் ராயல்ஸ் டீமுக்கு மட்டும் ஒன்பது பேர்! அதற்கு முன் எந்த டீமுக்கும் அப்படி அமைந்ததில்லை. அந்த ஒன்பதில் ஐந்து பேர் மேலே சொன்ன பிட்சர்கள். லாம் 18-வது இடம், மாண்ட்கோமெரி 19, டஃபி 68, ஓடோரிஸி 69, ட்வையர் 83.

நாலு வருடம் கழித்து, 2015-ல் ராயல்ஸ் உலகக் கோப்பையை (பெயர்தான் வேர்ல்ட் சீரிஸ், ஆடுவது அமெரிக்காவும் ஒரு கனடா டீமும்தான் :-)) வென்றது. அட, அப்படியானால் அந்த ஐந்து பேரும் சேர்ந்து ஜெயித்துக் கொடுத்தார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

இல்லை. அந்த நவம்பர் ராத்திரியில் ஐந்து பேரில் ஒரே ஒருவர்தான் ராயல்ஸ் சட்டையில் இருந்தார். ஆனாலும் அந்த ஐந்து பேர் இல்லாமல் அந்தக் கோப்பை வந்திருக்காது. இது எப்படி என்பதுதான் கதை.

ஏன் இத்தனை பிட்சர்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்சர் என்பவர் பந்து எறிபவர், கிட்டத்தட்ட பவுலர். ஆனால் பேஸ்பாலில் ஒரு நேரத்தில் ஒரே பிட்சர்தான். அவரை மாற்றிவிட்டால் அந்த மேட்சில் மறுபடி வர முடியாது. மேட்சைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். அவர் ஐந்து ஆறு இன்னிங்ஸ் எறிந்து களைத்ததும் உள்ளே வருகிறவர்கள் ரிலீவர்கள். ஒரு ஸ்டார்ட்டர் இன்றைக்கு எறிந்தால் அடுத்த நாலு நாள் ஓய்வு. அதனால் குறைந்தது ஐந்து ஸ்டார்ட்டர்கள் வேண்டும்.

ஒரு சீசனில் 162 மேட்ச். மேட்சுக்கு 9 இன்னிங்ஸ். ஆக 1,458 இன்னிங்ஸ். மிக நன்றாக, காயம் இல்லாமல் ஆடுகிற ஒரு ஸ்டார்ட்டர் வருடத்துக்கு 200 இன்னிங்ஸ் எறிவார். அப்படி ஐந்து பேர் கிடைத்தாலும் (கிடைக்க மாட்டார்கள்) ஆயிரம்தான் ஆச்சு. மீதி 458 இன்னிங்ஸை யாராவது எறிந்தாக வேண்டும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் யாருக்காவது தோள் வலிக்கும், யாருக்காவது முழங்கை வலிக்கும், யாராவது ஃபார்ம் இழப்பார்கள். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் எங்கே?

பணக்கார டீம்கள் சந்தையில் வாங்கிக்கொள்ளும். நியூயார்க் யாங்கீஸ் 2008 டிசம்பரில் சி.சி. சபாதியா என்ற ஒரே பிட்சரை ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வருடத்துக்கு 2.3 கோடி டாலர். ராயல்ஸ் 2011 சீசனைத் தொடங்கியபோது மொத்த டீமின் சம்பளப் பட்டியலே 4 கோடி டாலரைத் தொடவில்லை. ஒரு சபாதியாவை வாங்கினால் பாதிப் பணம் காலி. மீதி 24 பேருக்கும் மோர்தான் ஊற்ற வேண்டும்.

ஆக, சின்ன ஊர் டீமுக்கு ஒரே வழி சொந்தமாக விளைவிப்பது. அதற்கான வயல்தான் மைனர் லீக். ஆங்கிலத்திலும் அதற்குப் பண்ணை என்றுதான் பெயர். வருடா வருடம் டிராஃப்டில் பள்ளி, கல்லூரிப் பையன்களை எடுப்பார்கள். டொமினிகன் ரிபப்ளிக், வெனிசுவேலா போன்ற நாடுகளில் 16, 17 வயதிலேயே ஒப்பந்தம் போடுவார்கள். பிறகு படிப்படியாக ஏற்றுவார்கள். ரூக்கி, சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ராயல்ஸ் பையன்களுக்கு அப்போது அந்தப் பாதை டெலவேரில் வில்மிங்டன், ஆர்கன்சாவில் ஸ்ப்ரிங்டேல், நெப்ராஸ்காவில் ஓமாஹா என்று போகும். ஓமாஹாவிலிருந்து கன்சாஸ் சிட்டி சுமார் 300 கிலோமீட்டர்தான். காரில் மூன்று மணி நேரம். ஆனால் பல பேர் அந்த 300 கிலோமீட்டரைக் கடைசி வரை கடந்ததே இல்லை.

ராயல்ஸ் அந்த வழியைப் பிடிப்பதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1985-ல் கோப்பையை வென்றார்கள். அதற்குப் பிறகு ப்ளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2004, 2005, 2006 மூன்று வருடமும் வரிசையாக நூறு மேட்சுக்குக் குறையாமல் தோற்றார்கள். என்ன கொடுமை சார் இது என்று கேட்கக்கூட ஆள் இல்லாத நிலைமை. 2006 ஜூனில் டேடன் மூர் ஜெனரல் மேனேஜராக வந்தார். அட்லாண்டா பிரேவ்ஸ் டீமில் வேலை பார்த்தவர். 1990-களில் பிட்சிங்கை வைத்தே வருடா வருடம் ப்ளே ஆஃப் போன டீம் அது. மூர் கொண்டுவந்த திட்டம் எளிமையானது. பிட்சர்களைச் சேர், மேலும் சேர், இன்னும் சேர்.

நிகழ்தகவுக் கணக்கு

ஏன் ஒரு நல்ல பிட்சரை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்கக் கூடாது? புள்ளிவிவரப் பைத்தியங்கள் மத்தியில் ஒரு பழைய நக்கல் உண்டு. பிட்சிங் ப்ராஸ்பெக்ட் என்று ஒரு ஜீவராசியே உலகத்தில் கிடையாது என்பார்கள். பிட்சர் ஜெயிப்பான் என்று முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு கஷ்டம்.

சும்மா ஒரு கணக்குக்கு, ஒவ்வொரு நல்ல பிட்சர் ப்ராஸ்பெக்டும் நிலையான மேஜர் லீக் ஸ்டார்ட்டர் ஆவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் ஒரே ஒருவன் இருந்தால் 80 சதவீதம் கை காலி. ஐந்து பேர் இருந்தால்? ஐவரும் தோற்பதற்கான வாய்ப்பு 0.8-ஐ ஐந்து தடவை பெருக்கினால் வரும். சுமார் 33 சதவீதம். பத்துப் பேர் இருந்தால் 11 சதவீதம். பதினைந்து பேர் இருந்தால் 3.5 சதவீதம். 'ஆழம்' என்று பேஸ்பால்காரர்கள் சொல்வது இதைத்தான். யார் ஜெயிப்பான் என்று தெரியாது, ஆனால் யாராவது ஒருத்தன் ஜெயிப்பான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இன்சூரன்ஸ் கம்பெனி நடத்துவதும் இதே அடிப்படையில்தான்.

ஆனால் இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். டீமுக்கு 67 சதவீத வெற்றி. அதே கணக்கில் அந்த ஐந்து பையன்களில் ஒவ்வொருவனுக்கும் 80 சதவீதத் தோல்வி. டீமுக்கு ஐந்து வாய்ப்பு. பையனுக்கு ஒரே ஒரு கை.

அந்த ஒரு கை

முழங்கையின் உட்புறத்தில் ஒரு சின்னத் தசைநார் இருக்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைப்பது. தோளுக்கு மேலே கையைச் சுழற்றி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை எறியும்போது அந்த நாரின் மேல் அது தாங்கக்கூடிய எல்லைக்கு அருகே விசை விழுகிறது. ஒரு மேட்சுக்கு நூறு தடவை. ஒரு நாள் அறுந்துவிடும்.

1974 வரை அறுந்தால் கதை முடிந்தது. அந்த வருடம் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் என்பவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறொரு இடத்திலிருந்து தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். அன்றிலிருந்து அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்கு அது பிட்சர்கள் மத்தியில் சர்வ சாதாரணம். ஆனால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வந்தாலும் பழைய வேகம் வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

இப்போது அந்த ஐந்து பேரிடம் போகலாம்.

ஜான் லாம், ஐவரில் முதல் இடம். 2011 ஜூனில் அவருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை. பட்டியல் வந்து நாலே மாதம். அதற்குப் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. மைனர் லீக்கிலேயே வருடங்கள் ஓடின.

மைக் மாண்ட்கோமெரி. நல்ல உயரம், இடது கை. 2011-ல் ஓமாஹாவுக்கு வந்தார், இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அங்கே அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு, குறைவாக இருந்தால் நல்லது) 5-ஐத் தாண்டியது. 2012-லும் அப்படியே. மேலே ஏற்ற வேண்டியவரை டபுள் ஏ-வுக்குக் கீழே இறக்கினார்கள். அங்கேயும் அடி விழுந்தது.

டேனி டஃபி 2010 வசந்தத்தில் பேஸ்பாலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர். சில மாதங்களில் மனம் மாறித் திரும்பி வந்தார். 2011 மே மாதம் மேஜர் லீக்கில் கால் வைத்தார். 2012-ல் டாமி ஜான்.

கிரிஸ் ட்வையர் 2013 செப்டம்பரில் ராயல்ஸுக்காக இரண்டு மேட்சில் எறிந்தார். அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

ஜேக் ஓடோரிஸி 2012 செப்டம்பரில் இரண்டு மேட்ச். இவர் மட்டும் பெரிய சேதாரம் இல்லாமல் மேலே வந்தார். ஆனால் அதற்குள்...

சரக்கை எப்போது விற்பது?

அக்கவுண்ட்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தரும் ஒரு விதி உண்டு. கையிருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த விலையில் மதிப்பிட வேண்டும். வரப்போகும் லாபத்தை இன்றைக்கே எழுதிக்கொள்ளாதே என்பது அதன் சாரம். பிட்சர் ப்ராஸ்பெக்ட் விஷயத்தில் ரசிகர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். 2011-ல் கன்சாஸ் சிட்டி ரசிகர்கள் 2014-ன் ஐந்து ஸ்டார்ட்டர்களையும் மனதுக்குள் எழுதி, கூட்டி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டார்கள்.

2012 டிசம்பரில் டேடன் மூர் ஒரு வேலை செய்தார். டாம்பா பே ரேஸ் டீமுக்கு வில் மையர்ஸ், ஓடோரிஸி, மாண்ட்கோமெரி, கூடவே பாட்ரிக் லெனார்ட் என்ற இன்னொரு பையன், ஆக நாலு பேரைக் கொடுத்தார். பதிலுக்கு ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு அனுபவப்பட்ட பிட்சர்களை வாங்கினார். (பின்னால் எலியட் ஜான்சன் என்ற ஆட்டக்காரரும் வந்து சேர்ந்தார்.)

ஊரே திட்டியது. மையர்ஸ் அந்த வருடம்தான் மைனர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று 'பேஸ்பால் அமெரிக்கா'வின் விருது வாங்கியிருந்தார். ஷீல்ட்ஸின் ஒப்பந்தமோ இரண்டே வருடம். ஆறு வருடச் சோற்றை விற்று இரண்டு நாள் பிரியாணி சாப்பிடுவதா என்று கேட்டார்கள். அடுத்த வருடமே மையர்ஸ் டாம்பா பேயில் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். திட்டியவர்களுக்கு இன்னும் தெம்பு வந்தது.

ஆனால் மூரின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. மாண்ட்கோமெரியின் சந்தை விலை மாதா மாதம் குறைந்துகொண்டே போனது. லாமின் விலை ஒரே நாளில், முழங்கை அறுந்த அன்று, விழுந்துவிட்டது. பிட்சர் என்பவன் இரும்புக் கம்பி இல்லை, தக்காளி. இன்று கூடைக்கு நல்ல விலை. நாளைக்கு யார் கண்டது?

ஷீல்ட்ஸ் 2013-ல் 228 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார், அந்த லீகிலேயே அதிகம். 2014-ல் 227. மேலே பார்த்த 1,458 இன்னிங்ஸ் பள்ளத்தில் இது எவ்வளவு பெரிய மண் என்று யோசித்துப் பாருங்கள். வேட் டேவிஸ் ஸ்டார்ட்டராகச் சரிப்படவில்லை. ரிலீவராக மாற்றினார்கள். 2014-ல் அவருடைய இ.ஆர்.ஏ. சரியாக 1.00. அடுத்த வருடம் 0.94. ராயல்ஸ் 2014-ல் 29 வருடத்துக்குப் பிறகு ப்ளே ஆஃபுக்குப் போனது. போனதோடு நிற்காமல் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது மேட்ச் வரை போய், சான் ஃப்ரான்சிஸ்கோவிடம் தோற்றது.

2015 ஜூலையில் மூர் மறுபடியும் கடையைத் திறந்தார். சின்சினாட்டி டீமிடமிருந்து ஜானி குவேட்டோ என்ற பிட்சரை வாங்கினார். விலை மூன்று இடது கைப் பிட்சர்கள். பிராண்டன் ஃபின்னிகன், கோடி ரீட், மூன்றாவது நம் பழைய ஜான் லாம். இரண்டு நாள் கழித்து ஓக்லாண்டிலிருந்து பென் ஸோப்ரிஸ்ட் வந்தார். விலை ஷான் மனாயா, ஆரன் ப்ரூக்ஸ், இருவரும் பிட்சர்கள். ஆக ஒரே வாரத்தில் ஐந்து பிட்சர்கள் வெளியே. வந்த இருவரின் ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிகிறது!

குவேட்டோ வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது மேட்சில் நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்து இரண்டே ஹிட் கொடுத்தார். ஐந்தாவது மேட்சில் 12-வது இன்னிங்ஸில் கடைசி ஆளை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர் வேட் டேவிஸ். 30 வருடத்துக்குப் பிறகு கோப்பை.

மனாயா 2018-ல் பாஸ்டன் டீமுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு மேட்சையும் முடித்தார். ஓடோரிஸி 2019-ல் ஆல் ஸ்டார் டீமுக்குத் தேர்வானார். கொடுத்தது எல்லாம் சொத்தைக் காய் இல்லை. நல்ல காயும் போயிருக்கிறது. அதற்குக் கிடைத்த விலை ஒரு கோப்பை. இந்த வியாபாரத்தில் யார் ஏமாந்தார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

பட்டியலில் இல்லாதவர்கள்

2011-ன் அந்த ஒன்பது பேர் பட்டியலில் யோர்டானோ வென்ச்சுரா என்ற பெயர் கிடையாது. டொமினிகன் ரிபப்ளிக்கில் பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கட்டட வேலைக்குப் போன பையன். ஒல்லி உடம்பு. ராயல்ஸ் 2008-ல் அவருக்குக் கொடுத்த ஒப்பந்தத் தொகை 28,000 டாலர். பட்டியல்காரர்கள் அவரைக் கவனிப்பதற்கு அதற்குப் பிறகு சில வருடங்கள் ஆயின.

2014 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது மேட்ச். ராயல்ஸ் தோற்றால் எல்லாம் முடிந்தது. இரண்டு நாள் முன்னால்தான் வென்ச்சுராவின் நண்பரும் செயின்ட் லூயிஸ் டீமின் ஆட்டக்காரருமான ஆஸ்கர் டவேராஸ் 22 வயதில் கார் விபத்தில் இறந்திருந்தார். வென்ச்சுரா நண்பருக்கு அஞ்சலியைத் தொப்பியில் எழுதிக்கொண்டு களத்துக்கு வந்தார். ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ராயல்ஸ் 10-0 என்று ஜெயித்தது. அப்போது அவருக்கு வயது 23.

2017 ஜனவரி 22 அன்று வென்ச்சுராவும் தன் சொந்த நாட்டில் கார் விபத்தில் இறந்தார். வயது 25.

டேவிஸோடு சேர்ந்து கடைசி மூன்று இன்னிங்ஸை 2014-ல் பூட்டுப் போட்டு வைத்திருந்த மற்ற இருவர் கெல்வின் ஹெரேரா, கிரெக் ஹாலண்ட். ஹெரேராவும் டொமினிகன். ஹாலண்ட் 2007 டிராஃப்டில் பத்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். இருவருமே அந்த ஒன்பதில் கிடையாது. ஆழம் என்பது பட்டியலின் உச்சியில் இருக்கும் ஐந்து பேர் மட்டும் இல்லை. பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐம்பது பேரும்தான்.

ஐம்பது பேருக்கு என்ன சம்பளம்?

இங்கேதான் கணக்கு கசக்கிறது. 2020 வரையிலும் சிங்கிள் ஏ ஆட்டக்காரர்களின் குறைந்தபட்ச சம்பளம் வாரத்துக்கு 290 டாலர். டபுள் ஏ-யில் 350. அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்ய வேண்டியதுதான். அமெரிக்காவில் இந்தப் பணத்தில் ஒரு அறையில் நாலைந்து பேராகத்தான் தங்க முடியும். இத்தனை பேரை வைத்துக்கொண்டு 'யாராவது ஒருத்தன் ஜெயிப்பான்' என்று காத்திருப்பது டீமுக்கு ஏன் மலிவாக இருந்தது என்றால், அந்தக் காத்திருப்பின் செலவைப் பையன்களே ஏற்றுக்கொண்டார்கள்.

2020-ல் கொரோனாவால் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. பல டீம்கள் நூற்றுக்கணக்கான பையன்களை வீட்டுக்கு அனுப்பின. ராயல்ஸ் அனுப்பவில்லை. சீசன் முடியும் தேதி வரை எல்லோருக்கும் சம்பளம் உண்டு என்று மே மாதமே அறிவித்தார்கள். 2022-ல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். சம்பள வழக்கு ஒன்று அதே வருடம் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2023-ல் போட்ட முதல் ஒப்பந்தப்படி டபுள் ஏ-யில் வருடத்துக்குக் குறைந்தது 30,250 டாலர், ட்ரிபிள் ஏ-யில் 35,800. பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் கௌரவமாகச் சாப்பிடலாம்.

இரண்டாவது தடவை

ஒரு தடவை பலித்த சூத்திரம் மறுபடியும் பலிக்குமா? 2018 டிராஃப்டில் ராயல்ஸ் எடுத்த முதல் ஐந்து பேரும் கல்லூரிப் பிட்சர்கள். பிரேடி சிங்கர், ஜாக்சன் கோவார், டேனியல் லிஞ்ச், கிரிஸ் பூபிக், ஜொனதன் போலன். மறுபடி ஐந்து பெயர், மறுபடி கனவு. 2023-ல் ராயல்ஸ் 106 மேட்ச் தோற்றது. அதற்கு முந்தின வருடமே மூரின் வேலை போய்விட்டது. கோவார் அட்லாண்டாவுக்குப் போனார். லிஞ்ச் ரிலீவராக மாறினார். சிங்கர் ஓரளவு நிலைத்து, 2024 நவம்பரில் சின்சினாட்டிக்கு மாற்றப்பட்டார். பூபிக் 2023-ல் டாமி ஜான் செய்துகொண்டு, திரும்பி வந்து, 2025-ல் ஆல் ஸ்டார் ஆனார்.

ராயல்ஸ் 2024-ல் மறுபடி ப்ளே ஆஃப் போனபோது முன்னால் நின்ற ஸ்டார்ட்டர்கள் காசு கொடுத்து எடுத்த ஸெத் லுகோ, மைக்கேல் வாக்கா, பிறகு டெக்ஸஸிலிருந்து மாற்றலில் வாங்கிய கோல் ரேகன்ஸ். ரேகன்ஸ் வேறொரு பண்ணையில் விளைந்தவர், இரண்டு தடவை டாமி ஜான் செய்துகொண்டவர். ஒரு டீம் பொறுமை இழந்து விற்ற சரக்கு இன்னொரு டீமுக்கு முதலாகிறது. ஆழமான பண்ணை வைத்திருப்பவர் எல்லாம் கோப்பை வாங்கிவிட முடியாது. எப்போது வைத்திருப்பது, எப்போது விற்பது என்று தெரிவதும் பாதி வித்தை. மீதி அதிர்ஷ்டம்.

கடைசியாக, 19-வது இடம்

ஐவரின் கணக்கை முடித்துவிடலாம். லாம் 2015 ஆகஸ்டில் சின்சினாட்டி சட்டையில் மேஜர் லீக்குக்கு வந்தார். அறுவை சிகிச்சை முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நிலைக்க முடியவில்லை. ஆனால் வந்தார். கோப்பை ராத்திரியில் ராயல்ஸ் சட்டையில் இருந்த அந்த ஒருவர் டஃபி. வேண்டாம் என்று வீட்டுக்குப் போன அதே டஃபி 2021 வரை அங்கேயே இருந்தார்.

மாண்ட்கோமெரி? டாம்பா பேயும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். 2015-ல் அங்கேதான் முதல் மேஜர் லீக் மேட்ச். 2016 ஜூலையில் சிகாகோ கப்ஸ் வாங்கியது. அந்த வருட வேர்ல்ட் சீரிஸ், ஏழாவது மேட்ச், பத்தாவது இன்னிங்ஸ். கப்ஸ் 8-7 என்று முன்னால். இரண்டு அவுட். கப்ஸ் கடைசியாகக் கோப்பையை வென்றது 1908-ல். பந்து மாண்ட்கோமெரியின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் எறிந்த இரண்டாவது பந்து தரையில் உருண்டு மூன்றாவது பேஸில் நின்ற கிரிஸ் பிரையன்ட்டிடம் போனது. அவர் சிரித்துக்கொண்டே முதல் பேஸுக்கு எறிந்தார். 108 வருடம் முடிந்தது. மேஜர் லீக்கில் மாண்ட்கோமெரி ஒரு வெற்றியைக் காத்துக் கொடுத்த முதல் மேட்ச் அதுதான்.

2019 ஜூலையில் கப்ஸ் அவரை மறுபடி ஒரு டீமுக்கு மாற்றியது. எந்த டீம் தெரியுமா? கன்சாஸ் சிட்டி ராயல்ஸ்.

பட்டியல் வெளிவந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த ஐந்து பேர் கனவைக் கண்டவர்களில் பாதிப் பேர் அதை மறந்தே போயிருப்பார்கள். டீம் அந்த வருடம் 103 மேட்ச் தோற்றது. மாண்ட்கோமெரியும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆனால் ஓமாஹாவிலிருந்து 300 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அந்த மைதானத்துக்கு, டாம்பா, சியாட்டில், சிகாகோ என்று நாட்டையே சுற்றிக்கொண்டு ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டார்.